பெயர் சொல்லிக் கூப்பிட ஓர் இடம்

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மக்கள்தொகைப் பாடம் நடத்தும்போது எங்கள் வீட்டையே உதாரணமாகச் சொல்வது என் வழக்கம். கரும்பலகையில் ஒரு பக்கம் அம்மா என்று எழுதுவேன். பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்காதவள், பெற்றது ஐந்து. இன்னொரு பக்கம் நான். எம்.ஏ., பி.எட்., பெற்றது ஒன்று. "பாத்துக்கங்க, பொம்பளப் பிள்ளை படிச்சா என்ன ஆகுதுன்னு" என்று சாக்பீஸால் பலகையைத் தட்டுவேன். டீச்சர் வீட்டுக் கதை என்றால் பிள்ளைகளுக்கு வெல்லம். கடைசி பெஞ்சில் தூங்குகிறவன்கூட எழுந்து உட்கார்வான். திண்டுக்கல்லுக்கு வேலைக்கு வந்த நாளிலிருந்து இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கணக்கில் தப்பில்லை. ஆனால் அம்மாவுக்கும் எனக்கும் நடுவில் ஒருத்தி இருக்கிறாள். அவளை நான் பலகையில் எழுதியதே இல்லை.

அவள் என் பெரியக்கா. என்னைவிடப் பத்து வயது மூத்தவள்.

நாங்கள் நான்கு பெண்கள், கடைசியில் ஒரு பையன். வத்தலக்குண்டு ரோட்டுப் பக்கம் ஊர். மல்லிகையும் சின்ன வெங்காயமும் போடுகிற அளவுக்குக் கொஞ்சம் நிலம். எங்கள் பக்கத்தில் பிள்ளைக்குப் பெயர் தேடி யாரும் அலைய மாட்டார்கள். முதல் பிள்ளை பெண் என்றால் அப்பாவைப் பெற்றவள் பெயர். அடுத்தவளுக்கு அம்மாவைப் பெற்றவள் பெயர். மூன்றாமவளுக்குக் குலசாமி. நான் நாலாவது. நான் வந்து சேர்வதற்குள் வீட்டில் இருந்த பெயரெல்லாம் தீர்ந்துபோயிருந்தது. பிரசவம் பார்த்த நர்ஸம்மாவிடம் அப்பா, "ஒங்க பேரு என்னம்மா?" என்று கேட்டிருக்கிறார். அவர் சொன்னதையே எனக்கு வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். வேறு ஒன்றும் தோன்றவில்லை என்று பிற்பாடு அவரே சொன்னார்.

அப்பாவின் அந்தச் சோம்பல் எனக்கு யோகமாக முடிந்தது. நர்ஸம்மா எங்களுக்கு மாமியாரும் இல்லை, மதினியும் இல்லை. அந்தப் பெயருக்கு யாரும் மரியாதை கொடுக்க வேண்டியதில்லை. அம்மா தோட்டத்தின் அந்தக் கோடியிலிருந்து என் பெயரை நீட்டி முழக்கிக் கூப்பிடுவாள். திட்டும்போது அதையே சுருக்கி, இழுத்து, பழித்துக் காட்டிச் சொல்வாள். ஊரில் பாதிப் பேருக்கு என் பெயர் தெரிந்தது அம்மா போட்ட சத்தத்தில்தான்.

பெரியக்கா சுமந்தது அம்மாவின் மாமியார் பெயரை. மாமியார் பெயரை மருமகள் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. அம்மா சாகும்வரை சொன்னதில்லை. அது ஒரு பூவின் பெயரும்கூட. கடையில் அந்தப் பூ வேண்டுமென்றால் அம்மா கையை நீட்டிக் காட்டித்தான் வாங்குவாள். அப்பாவுக்கோ, மகளைக் கூப்பிட்டால் பெற்றவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி ஆகிவிடும். ஆக, பெயர் வைத்தது பெருமைக்கு, கூப்பிடுவதற்கு இல்லை. வீட்டில் அவள் 'பெரியவ'. கீழே இருந்த எங்களுக்குப் பெரியக்கா. அம்மாவுக்குக் கோபம் வந்து அவள் மேல் கையை ஓங்கினால் உள்ளேயிருந்து மாமியார் குரல் வரும்: "யார அடிக்கப் போற, என்னையவா?" அம்மா ஓங்கிய கையோடு என்னைத் தேடி வருவாள். அந்த அடிகளை நான் இன்னமும் பெரியக்கா கணக்கில் எழுதி வைத்திருப்பதாகச் சொல்லிச் சிரிப்பேன்.

உண்மையில் கணக்கு மறுபக்கம்தான் இருக்கிறது. நான் பிறந்தபோது அவள் ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தாள். மல்லிகை மொட்டை வெயில் ஏறுமுன் பறித்து மார்க்கெட்டுக்கு அனுப்பியாக வேண்டும். பறித்து முடித்தால் வெங்காயத்தில் களை இருக்கும். கைக்குழந்தையை யார் பார்ப்பது? முதல் மூன்று பேருக்கு எப்படியோ சமாளித்தார்கள். பாட்டிக்கும் முடியாமல்போய், நாலாவதுக்கு ஆள் இல்லை. பெரியக்கா பள்ளிக்கூடத்திலிருந்து நின்றாள். நான் அவள் இடுப்பில் ஏறினேன். நான் இறங்கி நடந்தபோது தம்பி பிறந்து அந்த இடத்துக்கு வந்தான். அதற்குப் பிறகு அவளைத் திரும்பப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவது பற்றி யாரும் பேசவில்லை. எனக்குப் பத்து வயது ஆனபோது நான் பையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து ஊர் நடுநிலைப் பள்ளிக்குப் போனேன், அவள் கல்யாணமாகி ஆத்தூர் பக்கம் போனாள்.

பிறந்ததற்காக ஒரு குழந்தையை யாரும் குற்றம் சொல்ல மாட்டார்கள். பெரியக்காவும் சொன்னதில்லை. நானும் அதை வைத்து ரொம்ப நாள் நிம்மதியாகத்தான் இருந்தேன். சொல்லப்போனால் அதை ஒரு நல்ல கதையாகவே ஆக்கிவிட்டேன். ஓர் ஆசிரியர் தின விழாவில், "என் அக்காவின் இடுப்புதான் என் முதல் வகுப்பறை" என்று மைக்கில் பேசியிருக்கிறேன். நல்ல கைதட்டல். இப்போது நினைத்தால் கூசுகிறது.

அவள் வாழ்க்கைப்பட்ட இடத்தில் மாமியார் வீட்டார் அவளை எங்கள் ஊர்ப் பெயரோடு 'காரி' சேர்த்துக் கூப்பிட்டார்கள். வெளியூரிலிருந்து வந்த மருமகள் எல்லோருக்கும் அங்கே அதுதான் வழக்கம். மச்சான், அதாவது அவள் வீட்டுக்காரர், "இந்தா" என்பார். "இந்தா, தண்ணி குடு." "இந்தா, மாட்டப் பிடிச்சுக் கட்டு." பிள்ளைகளுக்கு அம்மா. அக்கம்பக்கத்தில் மூத்த பையன் பெயரைச் சொல்லி அவன் அம்மா. ரேஷன் கடையில் கூப்பிடுவது மச்சான் பெயரை. பெயர் வாசிக்கிற நூறு நாள் வேலைக்கு அவளை மச்சான் விட்டதில்லை, சொந்தக் காடு கிடக்கும்போது ஊரான் வாய்க்காலை ஏன் வெட்ட வேண்டும் என்பார். இதையெல்லாம் இப்போது நான் இப்படி வரிசையாக எழுதுகிறேனே தவிர, அன்றைக்கு இது எதுவும் எனக்கு உறைக்கவில்லை. யார் வீட்டில்தான் பொம்பளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்?

ஒன்று மட்டும் தெரியும். அவளுக்குப் படிப்பு மறக்கவில்லை. மளிகைச் சாமான் சுற்றி வந்த தாளை முழங்காலில் வைத்து நீவி, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படிப்பாள். கல்யாணப் பத்திரிகை வந்தால் மாமன்மார் பட்டியலையும் விடமாட்டாள், கீழே அச்சகத்தின் பெயரையும் விடமாட்டாள். பழனிக்குப் பாதயாத்திரை போகிற வழியில் கடைப் பலகைகளை எல்லாம் சத்தமாக வாசித்துக்கொண்டே வருவாள். கூட நடக்கிறவர்களுக்குத் தலைவலி வந்துவிடும்.

அதனால்தான் போன வருடம் எங்கள் பள்ளி ஆசிரியர் அறையில் அந்தப் பேச்சு வந்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு ஊர்ப் பள்ளிக்கூடங்களில் சாயங்கால வகுப்பு நடக்கிறது. அவற்றைப் போய்ப் பார்த்துவர எங்களில் சிலரை அனுப்புவார்கள். அப்படிப் போய்வந்த ஒரு டீச்சர் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே சொன்னார்: "ஒங்க அக்கா ஆத்தூர்ப் பக்கம் இருக்காங்கள்ல டீச்சர்? நேத்து அந்த ஊருக்குப் போயிருந்தேன். வகுப்புல உக்காந்து அ, ஆ எழுதிட்டு இருக்காங்க. என் தங்கச்சியும் டீச்சர்தான், திண்டுக்கல்லுல இருக்கான்னு அம்புட்டுப் பெருமையாச் சொன்னாங்க."

அவர் குத்தலாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் குத்தியது. பக்கத்தில் இருந்த தமிழாசிரியர் லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. சிரித்தாரோ, ஊறுகாய் புளித்ததோ, யாருக்குத் தெரியும். ஊருக்கெல்லாம் பெண் கல்வியைப் பற்றி வகுப்பெடுக்கிறவளின் கூடப்பிறந்தவள் கைநாட்டுப் பட்டியலில் இருக்கிறாள். எனக்குக் காது சுட்டது. அதோடு, அவள் பொய் சொல்லித்தானே சேர்ந்திருக்க வேண்டும் என்ற எரிச்சல் வேறு. எழுத்துக் கூட்டாமல் பேப்பர் வாசிக்கிறவளுக்கு அங்கே என்ன வேலை? டிபன் பாக்ஸைப் பாதியிலேயே மூடி வைத்துவிட்டு அடுத்த பீரியடுக்குப் போய்ப் பிள்ளைகளிடம் வள்ளென்று விழுந்தேன்.

அந்த வாரமே ஒரு விடுமுறை நாளில் பஸ் ஏறினேன். பெரியக்கா வீட்டுக்குப் போகுமுன் நேரே பள்ளிக்கூடத்துக்குப் போனேன். வகுப்பெடுக்கிற பெண் அங்கே சுவரில் படம் ஒட்டிக்கொண்டிருந்தாள். அந்த ஊர்ப் பெண்தான். பி.எட். முடித்துவிட்டு வேலைக்குத் தேர்வெழுதிக் காத்திருக்கிறவள். என்னைத் தெரிந்ததும் ஒட்டும் பசையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றாள்.

"எங்க அக்கா பேரு ஒன் லிஸ்ட்ல இருக்காம்மா?" என்று கேட்டேன்.

"இருக்காங்க டீச்சர். அவங்கதான் நல்லாப் படிக்கிறாங்க. எதச் சொன்னாலும் ஒடனே புடிச்சுக்கிறாங்க."

"புடிச்சுக்காம என்ன செய்யும்? அதுக்குத்தான் எழுதப் படிக்கத் தெரியுமே. தெரியாதவங்களுக்குத்தான இந்த வகுப்பு? நாளைக்கு மேல இருந்து யாராச்சும் வந்து பேப்பரக் குடுத்து வாசிக்கச் சொன்னா ஒனக்குத்தான் பிரச்சினை. பேர எடுத்துரு."

அவள் முகம் சுருங்கிவிட்டது. "வீட்டுக்கு வந்து கேட்டப்ப, தெரியாதுன்னுதான் சொன்னாங்க டீச்சர்" என்றாள். தப்பு அவளுடையது இல்லை என்று தட்டிக்கொடுத்தேன். அவளுக்கு நல்லது செய்துவிட்டதாகவும், அரசாங்கக் கணக்கை நேர்செய்துவிட்டதாகவும் எனக்கு ஒரு திருப்தி. அடியில் கிடந்த உண்மை அதுவல்ல. ஆசிரியர் அறையில் என் தலை குனியக் கூடாது. அதற்காகத்தான் அவ்வளவு தூரம் பஸ் ஏறிப் போனேன்.

பெரியக்காவிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவள் அணைக்கட்டு மீன் வாங்கிக் குழம்பு வைத்திருந்தாள். வெஞ்சனத்துக்கு அவரைக்காய். நன்றாகச் சாப்பிட்டேன். சாயங்காலம் அவள் அவசர அவசரமாகப் பாத்திரத்தைக் கழுவி வைத்தாள். மஞ்சள் பூசி முகம் கழுவினாள். ஊருக்குப் போகும்போது கட்டுகிற சேலையை எடுத்துக் கட்டினாள். எனக்கு ஒரு தட்டில் முறுக்கை வைத்துவிட்டு, "செத்த நேரம் இருடி, ஒரு எட்டுப் போயிட்டு வாரேன்" என்றாள். எங்கே என்று சொல்லவில்லை. தங்கை டீச்சரிடம் சொல்ல வெட்கப்பட்டிருக்கிறாள். அந்த நேரத்தில் நான் சொல்லியிருக்கலாம். என் வாயில் முறுக்கு இருந்தது.

போன வேகத்தில் திரும்பி வந்தாள். "என்னக்கா, போன காலோட வந்துட்ட?" என்று கேட்டேன். தெரிந்துகொண்டே கேட்டேன். எந்தத் துணிச்சலில் கேட்டேன் என்று இப்போதும் புரியவில்லை.

"போன வேலை இல்லேன்னு ஆயிப்போச்சு" என்றாள். சேலையை மாற்றி, மடித்துப் பெட்டியில் வைத்தாள். பிறகு மாவெடுத்து எனக்குத் தோசை ஊற்றினாள். போதும் என்ற பிறகும் ஒன்று போட்டாள். கிளம்பும்போது வழக்கம்போல் முருங்கைக்காயும் கத்தரிக்காயும் பையில் திணித்து, பஸ் நிற்கிற இடம்வரை கூடவே நடந்து வந்தாள். வழியில் மச்சானுக்குச் சர்க்கரை கூடியிருப்பதைப் பற்றிப் பேசினாள். பஸ்ஸில் உட்கார்ந்ததும், விஷயம் அலுங்காமல் முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

சில வாரம் கழித்து அந்தப் பெண் போன் செய்தாள். தேர்வுக்கு என்ன புத்தகம் படிக்கலாம் என்று கேட்கத்தான் கூப்பிட்டாள். நாகல் நகரில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தேன். சொல்லி முடித்த பிறகும் அவள் வைக்கவில்லை.

"டீச்சர், ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்கள்ல? ஒங்க அக்கா இல்லாம வகுப்பு என்னமோ மாதிரி இருக்கு."

"ஏன், மத்தவங்களுக்குச் சொல்லிக் குடுத்தாங்களா?"

"அதெல்லாம் இல்ல டீச்சர். மொத நாளு நான் எல்லாரையும் அம்மா, பெரியம்மான்னுதான் கூப்பிட்டேன். வயசானவங்களப் பேர் சொல்லிக் கூப்பிட எப்படி வரும்? அவங்க எந்திரிச்சு நின்னு, பேரச் சொல்லிக் கூப்பிடு ஆத்தா, பள்ளிக்கூடம்னா பேரச் சொல்லித்தான் கூப்பிடணும்னாங்க. சரின்னு பேரோட அம்மா சேத்துக் கூப்பிட்டேன். அந்த அம்மாவும் வேணாம், வெறும் பேரு போதும்னுட்டாங்க. அன்னையில இருந்து அப்படித்தான் கூப்பிட்டேன். சில நாளு காதுல விழாத மாதிரி உக்காந்திருப்பாங்க டீச்சர். இன்னொருக்கா கூப்பிடணும்னு. எல்லாரும் சிரிப்பாங்க. அவங்க மட்டும் சிரிக்க மாட்டாங்க."

அதற்கு மேல் அவள் சொன்னது எதுவும் என் மனசில் பதியவில்லை. தக்காளிக்காரர் மீதிச் சில்லறையை நீட்டிக்கொண்டே நின்றார். வாங்காமல் வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்து யோசித்தேன். அம்மா கூப்பிட்டதில்லை. அப்பா கூப்பிட்டதில்லை. பாட்டியும் தன் பெயரையே சொல்லிக் கூப்பிட்டதில்லை. தங்கைகள் நாங்கள் எப்படிக் கூப்பிடுவோம்? புருஷன் கூப்பிட்டதில்லை, மாமியார் வீட்டார் கூப்பிட்டதில்லை, பிள்ளைகளும் கூப்பிட முடியாது. அவளுக்குப் பெயர் என்று ஒன்று இருந்ததை வாய்விட்டுச் சொன்னவர் ஒருத்தர்தான் இருந்திருக்க முடியும். காலையில் வருகைப் பதிவு எடுத்த பழைய ஆரம்பப் பள்ளி வாத்தியார். அவளுடைய பத்து வயதோடு அது நின்றது. பிறகு இத்தனை வருடம் கழித்து, தெரியாது என்று ஒரு பொய்யைச் சொல்லி, அந்தச் சத்தத்தைக் கேட்கப் போயிருக்கிறாள். அவள் எழுத்துக்காகப் போகவில்லை. அது அவளிடம் ஏற்கெனவே இருந்தது.

சமையலறையில் நின்று அந்தப் பெயரை நானே சொல்லிப் பார்த்தேன். என் வாய்க்கு அது யாரோ ஒருத்தியின் பெயராக இருந்தது. இங்கே எழுதலாம் என்று நினைத்தேன், கை வரவில்லை. அக்காவின் பெயரை எழுதுவது மரியாதைக் குறைச்சல் என்று பழகிய கை. அந்த மரியாதையை நினைத்தால் எனக்கு ஆத்திரமாக வருகிறது, ஆனாலும் கை வரவில்லை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். என் வகுப்பில் நான் பெயர் சொல்லி வருகை எடுப்பதில்லை. வரிசை எண்தான். அதில் நேரம் மிச்சம்.

மறுநாள் அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டு, பெரியக்காவைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டேன். பட்டியலைக் கம்ப்யூட்டரில் ஏற்றி அனுப்பியாகிவிட்டது, இனி மாற்ற முடியாது என்றாள். பிறகு அவளே, "சும்மா வந்து உக்காரச் சொல்லுங்க டீச்சர். லிஸ்ட்ல பேர் இல்லாட்டி என்ன, நான் கூப்பிடுறேன்" என்றாள். நல்ல பிள்ளை. அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

பெரியக்கா வாசலில் சாக்கை விரித்துச் சின்ன வெங்காயத்துக்குத் தாள் அறுத்துக்கொண்டிருந்தாள். மச்சான் தோட்டத்துக்குப் போயிருந்தார். நானும் ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தேன். வரும் வழியெல்லாம் எப்படி ஆரம்பிப்பது என்று ஒத்திகை பார்த்து வந்திருந்தேன். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

"பெரியக்கா, ஒன் பேர எடுக்கச் சொன்னது நான்தான்" என்றேன்.

"தெரியும்டி."

"எப்பத் தெரியும்?"

"அன்னைக்கே தெரியும். அந்தப் புள்ளைக்கு மறைக்க வருமா? போய் நின்ன ஒடனே கண்ணு கலங்கி, ஒங்க தங்கச்சி வந்துட்டுப் போனாங்கன்னு சொல்லிருச்சு."

அப்படியென்றால், எனக்குத் தோசை ஊற்றும்போதே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. போதும் என்ற பிறகும் ஒன்று போட்டாளே, அப்போதும் தெரிந்திருக்கிறது. நான் கத்தியைக் கீழே வைத்தேன்.

"ஏங்கா என்னைய ஒரு வார்த்தை கேக்கல?"

"என்னத்தக் கேக்க? நீ நாலு பேரு மதிக்கிற எடத்துல இருக்கவ. ஒனக்கு அசிங்கமா இருந்திருக்கும். நான்தான் யோசிக்காமப் போயிட்டேன்."

இதற்கு அவள் என்னை நாலு அறை அறைந்திருக்கலாம். அந்தப் பெண் சொன்னதைச் சொன்னேன். நாளையிலிருந்து போய் உட்கார், பட்டியலில் இல்லாவிட்டாலும் உன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவாளாம் என்று கெஞ்சினேன். கூட வந்து உட்காரச் சொன்னால் நானும் வந்து உட்கார்கிறேன் என்றேன்.

பெரியக்கா என்னை நிமிர்ந்து பார்த்தாள். "லிஸ்ட்டுல இல்லாத பேரக் கூப்பிட்டா அது பள்ளிக்கூடமாடி? வெளையாட்டு. எனக்கு வேலை கெடக்கு" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. வெங்காயத்தை அள்ளிக் கூடையில் போட்டாள்.

"அப்ப நான் கூப்பிடட்டுமா?" என்று கேட்டேன். என்னை மீறி வந்துவிட்டது.

"கூறு கெட்டவளே, அக்காளப் பேரச் சொல்லிக் கூப்பிடுவியா?" என்று சிரித்தாள். நிஜமாகவே சிரித்தாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

நான் கத்தியை எடுத்து மறுபடி அறுக்கத் தொடங்கினேன். பிறகு அவளாகவே கேட்டாள்: "அந்தப் புள்ளைகிட்ட என்ன சொல்லி எடுக்கச் சொன்ன?"

"அதுக்குத்தான் எழுதப் படிக்கத் தெரியுமேன்னு சொன்னேன்."

அவள் கை நின்றது. என்னைப் பார்க்கவில்லை, வெங்காயத்தையும் பார்க்கவில்லை.

"அப்பாவும் இதத்தான்டி சொன்னாரு" என்றாள். "என்னையக் கூட்டிக்கிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு வந்தாரு. நீ என் இடுப்புல இருந்த. அதுக்குத்தான் எழுதப் படிக்கத் தெரிஞ்சு போச்சே, பேர எடுத்துருங்க வாத்தியாரேன்னாரு. வாத்தியாரு நல்ல மனுசன். நல்லாப் படிக்கிற புள்ளைய்யான்னு ரெண்டு தடவை சொல்லிப் பாத்தாரு. அப்பறம் பேர அடிச்சிட்டாரு. அடிச்சிட்டு, ஒன் கன்னத்தக் கிள்ளி, இது பேரு என்னன்னு கேட்டாரு. அப்பாவுக்குச் சட்டுன்னு ஞாபகம் வரல. நான்தான் ஒன் பேரச் சொன்னேன்."